மேடைக்குத் துப்பாக்கி, கூட்டத்துக்குக் கயிறு

போன மாதம் எங்கள் கல்லூரிக்கு ஒரு அமைச்சர் வந்தார். எந்த அமைச்சர், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் வேண்டாம். வகுப்பில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. காலை 10 மணி விழாவுக்கு ஏழரைக்கே எங்களைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். வாசலில் தண்ணீர் பாட்டில், குடை, பேனா (ஆமாம், பேனாவும்தான்) எல்லாவற்றையும் பிடுங்கி ஒரு மூலையில் குவித்தார்கள். அமைச்சர் வந்து சேர்ந்தபோது மணி 12:20.

அவருக்குப் பின்னால் சஃபாரி சட்டை போட்ட நான்கு பேர் ஏறினார்கள். ஒருவர் கையில் கார்பைன். அவர் கூட்டத்தை நோட்டம் விடத் திரும்பும்போதெல்லாம் அதன் குழாயும் கூடவே திரும்பி, முதல் மூன்று வரிசையை ஒரு சுற்று தடவிவிட்டுப் போகும். பக்கத்தில் இருந்தவன் மெதுவாகக் கேட்டான்: "மச்சி, அது லோடு பண்ணியிருக்குமாடா?" எனக்கு எப்படித் தெரியும்?

பேச்சு நடுவில் இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். பக்கவாட்டு வழியில் கயிறு கட்டியிருந்தது. பின் வாசலில் கான்வாய் வண்டிகள் வரிசையாக நின்றன. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர் "இந்த வழி இப்ப கிடையாது" என்றார். கடைசியில் நாற்காலிகளுக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றித்தான் அவளை வெளியே கொண்டுபோனோம். இப்போது நன்றாக இருக்கிறாள்.

அன்று இரவு மெஸ்ஸில் இதைச் சொல்லிப் புலம்பியபோது சீனியர் அண்ணன் ஒருவர் சப்பாத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பாதுகாப்புன்னா அப்படித்தான் இருக்கும். ஸ்ரீபெரும்புதூரை மறந்துட்டியா தம்பி?" எதிரில் இருந்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தப் பதிவு அவருக்கான பதில்தான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்தே ஆரம்பிப்போம். நாங்கள் யாரும் அப்போது பிறக்கவே இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டில் பாதுகாப்பு என்று யார் வாயைத் திறந்தாலும் அந்தப் பெயர்தான் முதலில் வருகிறது. 1991 மே 21 இரவு. முன்னாள் பிரதமருக்கு எஸ்.பி.ஜி. காவல் இல்லை. 1988-ல் போட்ட எஸ்.பி.ஜி. சட்டம் பதவியில் இருக்கும் பிரதமரையும் அவர் குடும்பத்தையும் மட்டும்தான் பேசியது. ஆட்சி மாறியதும் அந்தக் காவலை எடுத்துவிட்டார்கள், ஈடாக வேறெதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பாதுகாப்புக் குறைபாடுகளை விசாரித்த வர்மா கமிஷன் மத்திய அரசின் தவறையும் சொன்னது, மாநிலப் போலீஸ், கட்சிக்காரர்கள் தவறையும் சொன்னது. காவலை எடுத்தது தப்பு. இதில் எனக்கும் அண்ணனுக்கும் சண்டையே கிடையாது.

ஆனால் அந்த மைதானத்தில் என்ன நடந்தது? மாலை போடுகிறவர்கள் வரிசையில், பட்டியலில் பேர் இல்லாத ஒரு பெண் நுழைந்துவிட்டாள். அவளைத் தள்ளி நிறுத்தப் பார்த்தது ஒரு பெண் போலீஸ் அதிகாரி. பரவாயில்லை, எல்லோரும் வரட்டும் என்பதுபோல் ராஜீவே சொன்னார் என்பது அங்கே உயிர் பிழைத்தவர்கள் சொன்னது. அந்த இடத்தில் இன்னும் பத்து ஏ.கே.47 இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இடுப்பில் குண்டைக் கட்டிக்கொண்டு காலில் விழுகிறவளை எந்தத் துப்பாக்கி எந்த நொடியில் சுடும்? அன்று தடுத்திருக்கக்கூடியது ஒரு பெயர்ப் பட்டியலும், அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆளும், அந்த ஆளின் பேச்சை மதிக்கிற ஒரு தலைவரும். ராஜீவோடு செத்தவர்களில் போலீஸ்காரர்களும் பலர். அவர்களை யாரும் நினைவுநாளில் சொல்வதில்லை.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் விஷயம் இன்னும் சங்கடமாகிறது. 1984 அக்டோபர் 31-ல் இந்திரா காந்தியைச் சுட்டது வெளியாள் இல்லை. அவர் வீட்டுக் காவலில் நின்ற இரண்டு பேர், அரசு கொடுத்த ரிவால்வரையும் ஸ்டென் கன்னையும் வைத்துச் சுட்டார்கள். 1981 அக்டோபர் 6-ல் எகிப்து அதிபர் சதாத்தைக் கொன்றது ராணுவ அணிவகுப்பில் வந்த லாரியிலிருந்து குதித்த ராணுவ வீரர்கள். 2011 ஜனவரி 4-ல் பாகிஸ்தானின் பஞ்சாப் கவர்னர் சல்மான் தசீரைச் சுட்டது அவருக்கே காவலாகப் போட்ட கமாண்டோ. நம் கதைக்கு இன்னும் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. 1987 ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதை. வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்ற இலங்கைக் கடற்படை ஆட்களில் ஒருவர், ராஜீவ் தாண்டிப் போன நொடியில் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அடித்தார். ராஜீவ் ஓரக்கண்ணால் பார்த்துக் குனிந்ததால் அடி மண்டையில் படாமல் தோள் பக்கம் போனது. அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள். மரியாதை செய்ய நிறுத்திய துப்பாக்கி அது.

ஆக, அரசு விழாவில் துப்பாக்கியோடு நிற்கிற ஆளைப் பார்த்து ஒருத்தன் "இவர் யார், இவரை யார் சோதித்தார்கள்?" என்று கேட்டால் அவன் தேசத்துரோகியும் இல்லை, கிறுக்கனும் இல்லை. இது வரலாறு தெரிந்தவன் கேட்கிற கேள்வி. என்னிடம் பேனாவைப் பிடுங்குகிறவரை நான் திருப்பி ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது என்றால் எப்படி?

சரி, மெயின் மேட்டருக்கு வருகிறேன். என் கோபம் தலைவர்களைக் காப்பாற்றுவதைப் பற்றியதே இல்லை. காப்பாற்றட்டும். அந்தக் காவலுக்காக எதிரில் இருக்கிறவன் உயிரை அடகு வைக்கிறார்களே, அதைப் பற்றியது.

2009 நவம்பரில் சண்டிகர். பிரதமர் மன்மோகன் சிங் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றுக்கு வருகிறார் என்று வாசல்களை மூடினார்கள். சிறுநீரக நோயாளி ஒருவரை ஏற்றிவந்த வண்டி ஒவ்வொரு வாசலாக அலைந்தது. அவர் பிழைக்கவில்லை. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். 2021 ஜூனில் கான்பூர். குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வருகைக்காக நிறுத்திய போக்குவரத்தில், மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் மாட்டிக்கொண்டு இறந்தார். போலீஸ் கமிஷனர் மன்னிப்புக் கேட்டார். முதலாவது காங்கிரஸ் ஆட்சி, இரண்டாவது பா.ஜ.க. ஆட்சி. இதில் கட்சி பார்க்கிறவர்கள் கமெண்ட்டில் வந்து சண்டை போடாமல் இருந்தால் புண்ணியமாய்ப் போகும் :-) இந்த ஒரு விஷயத்தில் எல்லாக் கட்சியும் ஒரே கட்சிதான்.

நம் ஊருக்கு வாருங்கள். 1992 பிப்ரவரி, கும்பகோணம் மகாமகம். முதல்வர் ஜெயலலிதா நீராட வந்தார். குளத்தைச் சுற்றி லட்சக்கணக்கில் ஜனம். நெரிசலில் சுமார் 50 பேர் செத்தார்கள். யார் காரணம் என்ற அரசியல் சண்டை பல வருஷம் ஓடியது. ஆனால் ஒரு குளத்தங்கரையில் போலீஸ் கண்கள் எல்லாம் முதல்வர் குளிக்கிற மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், மற்ற கரைகளை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. 2024 அக்டோபர் 6, மெரினா விமானக் காட்சி. ஐந்து பேர் இறந்தார்கள். அந்த வெயிலில் தண்ணீர் கிடைக்காமல், திரும்பிப் போக வழி கிடைக்காமல் ஜனம் பட்ட பாட்டைப் போனவர்களைக் கேளுங்கள். எங்கள் வகுப்பிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். ஏற்பாடுகள் போதுமான அளவு இருந்தன என்றது அரசு. 2025 ஜூன் 4, பெங்களூர். கோப்பை ஜெயித்த கிரிக்கெட் அணிக்கு விதான சௌதா படிக்கட்டில் அரசுப் பாராட்டு விழா, முதல்வர், துணை முதல்வர் எல்லோரும் மேடையில். பக்கத்திலேயே சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் 11 பேர் மிதிபட்டுச் செத்தார்கள். போலீஸ் கமிஷனரை சஸ்பெண்ட் செய்தார்கள்.

இந்தக் கூட்டங்களில் ஜனத்தைக் கொன்றது குண்டும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. கயிறு, பூட்டிய கேட், தண்ணீர் இல்லாத வெயில், ஒரே ஒரு வெளிவழி. அண்ணன் சொல்கிற "பாதுகாப்பு" இந்த நான்கில் எதைச் சரி செய்தது? எங்கள் விழாவில் அவை நான்கும் பாதுகாப்பின் பேரிலேயே வந்தன. கயிறு கட்டியது அவர்கள். கேட்டை மறித்தது அவர்கள் வண்டி. தண்ணீரைப் பிடுங்கியது அவர்கள் கை. அந்தப் பெண் இன்னும் பத்து நிமிடம் அங்கேயே கிடந்திருந்தால்?

"அப்படியெல்லாம் பார்த்தா ஒரு விழாவும் நடத்த முடியாது தம்பி." இதுவும் அண்ணன்தான். முடியும். 2021 அக்டோபர் 1 அன்று சென்னையில், முதல்வர் ஸ்டாலின் சிவாஜி கணேசன் மணிமண்டபத்துக்குப் போவதற்காகப் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அதில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் உயர் நீதிமன்ற நீதிபதி. 25 நிமிடம். நீதிமன்றத்துக்குத் தாமதமாக வந்தவர், உள்துறைச் செயலரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். சில நாட்களில் முதல்வரின் கான்வாய் 12 வண்டியிலிருந்து 6 ஆகக் குறைந்தது. பொதுமக்களை நிறுத்தி வைக்க வேண்டாம் என்றும் உத்தரவு வந்தது. நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், 12 வண்டி இல்லாமல் முதல்வரைக் காப்பாற்ற முடியாது என்றுதானே அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்? மீதி ஆறு வண்டி யாரைக் காப்பாற்றியது? ஒரு நீதிபதி மாட்டியதால் குறைந்தது. நானும் நீங்களும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு எத்தனை 25 நிமிடம் நின்றிருப்போம்?

போலீஸ்காரர்களைத் திட்டுவதாக நினைக்க வேண்டாம். அவர்களும் இதில் அடிபடுகிறவர்கள்தான். ஒரு கான்வாய் மூன்று நிமிடத்தில் கடந்துபோவதற்காகக் காலையிலிருந்து முச்சந்தியில் நிற்கிறவர்கள். பெண் போலீஸாக இருந்தால் பாத்ரூம் போகக்கூட வழி கிடையாது. 2021 ஜூனில்தான் முதல்வர் போகிற வழியில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு போட்டார்கள். அதுவரை இத்தனை வருஷம் அது யாருக்கும் உறைக்கவில்லை!

கொஞ்சம் கணக்கு. மத்திய உள்துறையின் கீழ் இருக்கிற போலீஸ் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம் 2012-க்குக் கொடுத்த புள்ளிவிவரப்படி, நாடு முழுக்க 14,842 வி.ஐ.பி.க்களுக்கு 47,557 போலீஸார் காவல். தலைக்கு மூன்று பேருக்கு மேல். மற்ற இந்தியர்களுக்கு 761 பேருக்கு ஒரு போலீஸ். அதற்கப்புறம் காரின் தலையில் இருந்த சிவப்பு விளக்கை 2017 மே 1-ல் கழற்றினார்கள், எல்லா பேப்பரிலும் வி.ஐ.பி. கலாச்சாரம் ஒழிந்தது என்று தலையங்கம் வந்தது. விளக்குதான் போனது. எக்ஸ், ஒய், ஒய் பிளஸ், இசட், இசட் பிளஸ் எல்லாம் அப்படியே இருக்கிறது. கருப்புப் பூனைப் படையை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-ல் ஆரம்பித்தது தீவிரவாதிகளை எதிர்க்க. அதில் ஒரு பகுதியைத் தலைவர்கள் பின்னால் நடக்க அனுப்பினார்கள், நம் ஊரில் அது போஸ்டர் அழகாகவே ஆகிப்போனது. அந்தப் படையை வி.ஐ.பி. வேலையிலிருந்து முழுசாக விடுவித்து, அதை சி.ஆர்.பி.எஃப்.-இடம் கொடுக்க முடிவெடுத்தது 2024 அக்டோபரில். நாற்பது வருஷம்!

கன்மேன் என்பது நம் ஊரில் ஒரு அந்தஸ்து. கல்யாண மண்டபத்தில் ஒருத்தர் நுழையும்போது பின்னால் துப்பாக்கியோடு ஒருத்தர் வந்தால், பந்தியில் முதல் இலை அவருக்குத்தான். இதற்காகவே தன் வீட்டின் மேல் தானே ஆள் வைத்துப் பெட்ரோல் குண்டு வீசிக்கொண்டு, "உயிருக்கு ஆபத்து" என்று ஸ்டேஷனுக்கு ஓடி, பிறகு கைதான ஆட்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு. யாருக்கு எதனால் எவ்வளவு காவல் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், உயிருக்கு ஆபத்து வரக்கூடிய தகவலைத் தர வேண்டாம் என்கிற எட்டாவது பிரிவைக் காட்டலாம். வழித்தடத்தையும் நேரத்தையும் மறைத்தால் நியாயம். எத்தனை பேருக்கு, என்ன செலவில் என்பதைச் சொன்னால் யார் உயிர் போகும்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. சஃபாரி சட்டைக்காரர்களைப் பார்த்து நாங்கள் ஏன் உள்ளுக்குள் பயந்தோம் தெரியுமா? 2018 மே 22, தூத்துக்குடி. மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒருவர் போலீஸ் வேன் மேல் நின்று குறி பார்க்கிற வீடியோவை எங்கள் வயதில் பார்க்காதவர்களே கிடையாது. அங்கே செத்தவர்கள் 13 பேர், கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போன கூட்டம். அது விழா இல்லை, ஊர்வலம் என்று நீங்கள் வேறுபடுத்தலாம். ஆனால் சீருடை இல்லாத உடம்பில் அரசுத் துப்பாக்கியைப் பார்க்கும்போது ஒரு தமிழ்நாட்டுப் பையனுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த வேன்தான். சீருடையும் பெயர்ப்பட்டையும் அலங்காரத்துக்கு இல்லை. சுட்டது யார் என்று பிறகு கேட்க முடிவதற்காக.

பிறகு கேட்பது என்றால் என்ன என்பதை மற்ற நாடுகளில் பார்க்கலாம். 2022 ஜூலை 8-ல் ஜப்பானில் முன்னாள் பிரதமர் அபேயை நாரா நகரில் ஒருவன் பின்பக்கமாக வந்து வீட்டிலேயே செய்த துப்பாக்கியால் சுட்டான். முதல் வெடி படவில்லை. இரண்டாவது வெடிக்கு நடுவில் இரண்டு மூன்று விநாடி இருந்தது, காவலர்கள் சுதாரிக்கவில்லை. ஆகஸ்டில் போலீஸே அறிக்கை வெளியிட்டது: முதுகுப்பக்கத்தைக் கவனிக்காமல் விட்டோம் என்று. தேசியப் போலீஸ் தலைவர் பதவி விலகினார். 2024 ஜூலை 13-ல் அமெரிக்காவில் பட்லர் என்ற ஊரில் டிரம்பைச் சுட்டவன் கூரையில் ஏறியதைக் கூட்டத்தில் இருந்த சாதாரண ஆட்கள் பார்த்துவிட்டுக் கை காட்டிக் கத்தினார்கள். அத்தனை ஸ்னைப்பர் இருந்தும் ஜனம்தான் முதலில் பார்த்தது. பார்வையாளர் ஒருவர் செத்தார். பத்தே நாளில் சீக்ரெட் சர்வீஸ் தலைவர் ராஜினாமா.

இங்கே? 2023 டிசம்பர் 13. 2001-ல் நாடாளுமன்றம் தாக்கப்பட்ட அதே தேதி. முறையான பாஸ் வாங்கிக்கொண்டு வந்த இரண்டு பேர் மக்களவையின் பார்வையாளர் மாடத்திலிருந்து உள்ளே குதித்து, மேஜை மேஜையாகத் தாண்டி, கலர் புகையை விட்டார்கள். பிடித்து அமுக்கியது எம்.பி.க்களே. சஸ்பெண்ட் ஆனது மக்களவைச் செயலகத்தின் எட்டுப் பாதுகாப்பு ஊழியர்கள். உள்துறை அமைச்சர் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று கேட்ட எதிர்க்கட்சி எம்.பி.க்கள்? அந்தத் தொடர் முடிவதற்குள் 146 பேர் சஸ்பெண்ட்! ஓட்டை விட்டவர்கள் எட்டுப் பேர், ஓட்டை எங்கே என்று கேட்டவர்கள் 146 பேர். எம்.பி.க்கே இந்தக் கதி என்றால், மெஸ்ஸில் உட்கார்ந்து கேட்ட என்னை அண்ணன் முறைத்ததில் ஆச்சரியமே இல்லை.

வகுப்புத் தோழர்களுக்கு மட்டும்: அடுத்த மாதம் புது விடுதிக் கட்டடத் திறப்புக்கு இன்னொருத்தர் வருகிறாராம். வருகைப் பதிவு உண்டு என்று இப்போதே சொல்லிவிட்டார்கள், அதாவது நாற்காலியை நிரப்ப நாம் போயே ஆக வேண்டும். முதல்வருக்கு (கல்லூரி முதல்வருக்குத்தான்!) ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கேட்டிருப்பது மூன்றே விஷயம். பாட்டிலைப் பிடுங்கினால் உள்ளே குடிதண்ணீர் வைக்க வேண்டும். பக்கவாட்டு வழியில் கயிறு கட்டக்கூடாது, பின் வாசலில் வண்டி நிறுத்தக்கூடாது. விழா முடிகிறவரை ஒரு ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், அமைச்சருக்கு வருகிற ஆம்புலன்ஸ் கணக்கில் வராது. கடிதம் என் அறையில், 14-ம் நம்பர், மேஜை மேல் இருக்கிறது. இதுவரை 31 கையெழுத்து. அண்ணனும் போட்டிருக்கிறார், "தமிழ் எழுத்துப் பிழை இருக்கு" என்று ஒரு இடத்தில் திருத்தியும் கொடுத்தார். பேனா மட்டும் அவரவர் கொண்டுவாருங்கள். என்னுடையது இன்னும் அந்தக் குவியலில்தான் கிடக்கிறது.